கிடாவுக்கு ஓனர் யார்?

எழுபதுகளில் ஓர் ஆனி மாதம், திருவள்ளூரில் என் அப்பாவை ஒரு கிடா முட்டித் தள்ளியது. அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்பவர். விடியற்காலையில் ஈர வேட்டியோடு கிளம்பியவருக்குப் பின்னாலிருந்து ஒரே முட்டு. பானை தூக்கும் வலது கை முறிந்தது. புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார்.

கிடா பின்தெருக்காரருடையது என்று ஊருக்கே தெரியும். செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர் அவர். மகள் டைஃபாய்டில் கிடந்தபோது அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. நேர்ந்துவிட்டதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதுவோ எங்கள் தெருவில் கழித்துப் போட்ட துளசி மாலைகளைத் தின்று கொழுத்து, எங்களையே முட்டியது.

அப்பா நியாயம் கேட்கப் போனார்.

"அது எங்கூட்டுக் கிடா இல்ல சாமி. நேந்துவுட்ட அன்னிக்கே ஆத்தாளுது ஆயிடுச்சி. ஆத்தாவத்தான் கேக்கணும்" என்றார் பின்தெருக்காரர்.

அப்பாவுக்கு வந்ததே கோபம்! நேரே வக்கீல் வீட்டுக்கு நடந்தார். கேஸ் இல்லாமல் காய்ந்துகிடந்த வக்கீலுக்கு ஒரே குஷி. "ஆடி வரைக்கும் பொறுங்கோ. மாலை போட்டு எவன் வெட்டறானோ அவன்தான் ஓனர். கையும் களவுமா பிடிச்சுடலாம்" என்றார்.

இது எப்படியோ பின்தெருவுக்கு எட்டிவிட்டது. ஆடி வந்தும் அவர் வெட்டவில்லை. வெட்டினால் கேஸ், வெட்டாவிட்டால் ஆத்தாளுக்குக் கடன். கிடா மட்டும் ஜோராக இருந்தது. ஒருநாள் யாருக்கோ சம்மன் கொடுக்க வந்த கோர்ட்டு அமீனாவையே சாக்கடையில் தள்ளியது.

ஆடி கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள் அவர் மனைவி மகளோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். "பொண்ணுக்கு மறுபடியும் ஜுரம் அடிக்குது சாமி. ஆத்தா கோவிச்சிக்கினு கீது. இந்தாளு கேசுக்குப் பயந்துகினு கத்தியத் தொட மாட்டேங்குறாரு!"

அந்தப் பெண் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டது. கேஸே வேண்டாம் என்று அப்பா அங்கேயே சொல்லிவிட்டார். பின்னாலேயே வந்து தள்ளி நின்ற புருஷன்காரர் நம்பினால்தானே?

"நீங்க உட்டுடுவீங்க சாமி. அமீனா உடுவாரா?"

அப்பா பொறுமையிழந்து தெருவே கேட்கக் கத்தினார். "சரிப்பா, அந்தக் கிடா என்னோடதுன்னே வெச்சுக்கோ! என் கிடாவை உனக்குக் கொடுத்துட்டேன். கொண்டுபோய் வேண்டுதலை முடி!"

வெங்காயம்கூடத் தொடாத மனிதர். உள்ளே அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் பூசை நடந்தது. பெண்ணுக்கு ஜுரமும் இறங்கியது. ஆத்தாளாலோ ஆஸ்பத்திரி மாத்திரையாலோ, எனக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்தது. அனுப்பியவர் அமீனா. கிடாவின் ஓனர் என்று தெருவறிய ஒப்புக்கொண்ட என் அப்பாவுக்கு.

அப்பாவும் நானும் எங்கள் வக்கீலிடம் ஓடினோம். சேதி கேட்டு பின்தெருக்காரர் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

"அது எங்கூட்டுக் கிடா சார். குட்டியிலேர்ந்து நான்தான் வளத்தேன். நோட்டீச எம்பேருக்கு மாத்துங்க."

"நீ சும்மா இருப்பா" என்று அப்பா சீறினார். "பெருமாளுக்குத் தளிகை பண்றவன் சொன்ன வார்த்தை. மாத்த முடியாது."

இத்தனை நாள் நாதியில்லாத கிடாவுக்கு, குழம்பாகிச் செரித்த பிறகு இரண்டு ஓனர்கள்! வக்கீல் பேனாவை மூடிவிட்டார். பின்தெருக்காரர் இன்னும் நேராகாத அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒடச்சது எங்கிடாதான் சாமி" என்று சொல்லி, எங்கள் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார்.