பென்சிலில் எழுதிய திருத்தம்

மனநல ஆய்வுக்கான கேள்விகளைத் திருத்த நாங்கள் கூட்டிய இளைஞர் குழுவுக்கு, பந்தல்குடியிலிருந்து ஒரு பெண் வருவாள். இருபது வயதிருக்கும். எழுதுமுன் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொள்வாள்.

‘சாக வேண்டுமென்று தோன்றியதுண்டா?’ என்ற கேள்விக்கு மேலே, ‘அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கவும்’ என்று எழுதினாள்.

“வீட்டுக்கு வந்தவுகள விட்டுட்டு எந்த அம்மா எந்திரிச்சுப் போகும்?” என்றேன்.

“முன்னாடி ஒரு சர்வேயில எங்கண்ணன்கிட்ட இதத்தான் கேட்டாக சார். அம்மா காப்பி குடுத்துட்டுப் பக்கத்துலயே நின்னுச்சு. ‘இல்ல’ன்னுட்டான். அந்த மாசமே போய்ச் சேந்துட்டான்.”

அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே ‘இல்லை’யில் டிக் அடித்தவன் நான். அவளுக்குத் தெரியுமா?

“வாரேன் சார்” என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.