சலோமி அக்கா மேடையேறாத சனிக்கிழமை

மன்னாருக்குப் போகிறேன் என்றதும் நான் வேலை செய்யும் கந்தோரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: பூநாரை பார்க்கவா? தை மாதம் என்றால் அப்படித்தான் கேட்பார்கள். உண்மையில் நான் போனது என் நாக்கு செய்த வேலையால். நிஷாந்தினி என் பழைய விடுதித் தோழி. இப்போது வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் உதவி நூலகராக இருக்கிறாள். ஒருநாள் தொலைபேசியில் பேசும்போது, "உங்கட லைப்ரரியில ஏசியும் 'சத்தம் போடாதீர்' பலகையும்தானே இருக்கு" என்று சும்மா சீண்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மன்னாருக்குப் புத்தகப் பெட்டிகளோடு வான் வண்டி போகிறதாம், பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களாம், ஆண்டுக்கொருமுறை வாசிப்பு விழாவும் நடக்கிறதாம். "வந்து பாத்திட்டுக் கதை" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அதிகாலை 5.30 பஸ். பூநகரி வழியாக என் கைபேசி காட்டிய தூரம் 113 கிலோமீற்றர், கட்டணம் 480 ரூபா. வலது பக்க ஜன்னலோரம் பிடியுங்கள், சங்குப்பிட்டிப் பாலம் தாண்டும்போது கடல் வெளுக்கத் தொடங்கும். நான் பிடித்தது இடது பக்கம். பக்கத்தில் இருந்த ஐயா மன்னார் வரும்வரை என் தோளில் தூங்கினார். 8.50க்குப் பஸ் நிலையத்தில் இறங்கினேன். அங்கேயே இரண்டு கழுதைகள் நடுவீதியில் நின்று பஸ்ஸை மறித்துக்கொண்டிருந்தன. சாரதி ஹோர்ன்கூட அடிக்கவில்லை, அவை முடிவெடுக்கும்வரை பேசாமல் காத்திருந்தார்.

விழா பின்னேரம்தான். காலையில் தாராபுரத்தில் வழமையான வகுப்பு. பட்டணத்திலிருந்து நாலு கிலோமீற்றர் அளவு, ஓட்டோவுக்கு 400 ரூபா. பள்ளிக்கூடத்துக்கு என்றதும் ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "வாசிப்பு வகுப்புக்கோ? என்ர மனிசியும் அங்கதான் போறா. முந்தி கடிதம் வந்தா நான்தான் வாசிச்சு, எனக்குத் தோதான மாதிரிச் சொல்லுவன். இப்ப அது சரிவராது" என்றார். முறைப்பாடு மாதிரித்தான் தொடங்கினார். ஆனால் இறங்கும்வரை மனைவியின் புகழ்தான்.

வகுப்பைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தேன். சின்னப்பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முப்பது பேர் வரையில், பெரும்பாலும் பெண்கள், முழங்கால் மேசையில் இடிக்க இருந்தார்கள். இந்தியாவில் முகாமில் இருந்து திரும்பிய தையற்காரி ஒருவர், கரைவலை இழுக்கும் இருவர், இரண்டு பஸ் மாறிக் கொண்டச்சியிலிருந்து வந்த ஜெசீமா என்ற விவசாயி. இங்கே பாடப்புத்தகம் கிடையாது. ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல, பல்கலைக்கழக மாணவர் அதைச் சொன்னபடியே எழுதிக்கொள்கிறார். அடுத்தமுறை அது பெரிய எழுத்தில் அச்சாகி வருகிறது. அதுதான் மற்றவர்களுக்குப் பாடம். ஜெசீமாவின் கிணறு தாராபுரத்துக்குப் பாடம், தாராபுரத்தின் கல்யாணச் சண்டை கொண்டச்சிக்குப் பாடம். யாரோ ஊகித்து எழுதிய "அம்மா, ஆடு" எல்லாம் இல்லை. அடுத்து என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமே என்ற அவதியிலேயே எழுத்துக் கூட்டுகிறார்கள்.

புத்தகம் இரவல் எடுக்க அடையாள அட்டைகூடக் கேட்பதில்லை. பெயரைச் சொன்னால் போதும். திரும்பி வந்த புத்தகங்களில் ஒன்றை எடுத்தேன், மீன்வாடை குப்பென்று அடித்தது. நான் முகம் சுழித்ததை நிஷாந்தினி பார்த்துவிட்டாள். "வாடை அடிச்சா ஆரோ வாசிச்சிருக்கினம் எண்டு அர்த்தம். எங்கட மேல்மாடியில பத்து வருசமா வாடையே இல்லாத புத்தகம் எத்தினை கிடக்கு தெரியுமோ?" என்றாள். வாயை மூடிக்கொண்டு பெட்டி தூக்கப் போனேன்.

தேநீர் இடைவேளையில்தான் சலோமி அக்கா என்னருகே வந்தார். நாற்பத்தாறு வயது, தாழ்வுபாட்டுப் பக்கம் ஒரு கரையோரக் கிராமம், கணவர் கடலுக்குப் போகிறவர். கையில் ஜெசீமா சொன்ன கிணற்றுக் கதை. தான் வாசிப்பதைக் கொஞ்சம் கேட்க முடியுமா என்றார். மீளக் குடியேறியபோது காட்டுக்குள் தங்கள் கிணற்றைத் தேடி வெட்டிக்கொண்டே போன கதை அது, எட்டே வரி. விரலை எழுத்தின் கீழ் வைத்து, உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, பிறகு சத்தமாக. நாலு நிமிடம் எடுத்தது. ஒரு பிழையும் இல்லை. நான் கைதட்டினேன். அவர் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீங்கள் நாளைக்குப் போயிடுவீங்கள்தானே தங்கச்சி, அதான் உங்களிட்டச் சொல்லுறன்" என்று தொடங்கினார்.

சண்டையும் இடப்பெயர்வுமாய் அவருடைய படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. பிறகு படகேறி மண்டபம் முகாம், தம்பி தங்கைகளைப் பார்க்கும் வேலை. ஊர் திரும்பிக் கல்யாணமாகி, கோயிலில் மாதர் சங்கத்தில் சேர்ந்தபோது, ஞாயிறு பூசையில் விவிலிய வாசகம் வாசிப்போர் பட்டியலில் பாதிரியாரான சுவாமி அவருடைய பெயரையும் போட்டுவிட்டார். எழுத்துத் தெரியாது என்று சொல்ல வெட்கம். மகள் வெள்ளியும் சனியும் வாசிக்க வாசிக்க, முழு வாசகத்தையும் மனப்பாடம் செய்தார். ஞாயிறன்று புத்தகத்தைத் திறந்து, விரலை ஓட்டி, ஒரு தடங்கலில்லாமல் ஒப்புவித்தார். நாலு வருடம். ஊரிலேயே நல்லாய் வாசிக்கிறவர் என்று பெயர் எடுத்துவிட்டார்.

மகள் கல்யாணமாகித் தலைமன்னார் போன பிறகு பாடம் தொலைபேசியில் நடந்தது. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம்: ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வரும், அதே ஞாயிறு அடுத்த ஆண்டு வந்தால் வாசகம் வேறு. மகள் அவசரத்தில் பழைய தாளைப் பார்த்துப் போன ஆண்டுக்குரியதை வாசித்துவிட்டாள். சலோமி அக்கா மேடையேறி, கணீரென்று, போன ஆண்டு வாசகத்தை முழுவதும் ஒப்புவித்துவிட்டு இறங்கினார். சுவாமியின் பிரசங்கம் வேறு எதையோ பற்றிப் போனபோதுதான் அவருக்கே விளங்கியது.

ஒருவரும் சந்தேகப்படவில்லை. அதுதான் கொடுமை. கோயிலில் பீடம் ஆயத்தம் செய்பவரைச் சங்கிலித்தாம் என்பார்கள்; அந்தோனி என்ற அந்த வயதானவர், பூசை முடிந்ததும் ஓடிவந்து, பக்கம் காட்டும் நாடாவை நான்தான் மாற்றி வைத்துவிட்டேன் போல, மன்னித்துக்கொள் பிள்ளை என்றாராம். சுவாமியிடமும் போய் அப்படியே சொன்னாராம். "அந்த மனிசன் ஒரு பிழையும் விடேல்லை. நான் வாயைத் திறக்கேல்லை. அண்டைக்கு வீட்ட போய்ச் சாப்பிடேல்லை" என்றார் அக்கா. தொண்டை சரியில்லை என்று வாசிப்பதை நிறுத்திவிட்டார். தங்கள் ஊரவர் கண்ணில் படாத இடம் என்பதால் தாராபுரம் வகுப்பில் சேர்ந்தார். ஒன்றரை வருடமாகிறது.

இன்று பின்னேர விழாவில், புதிதாய் வாசிக்கப் பழகியவர்கள் மேடையேறி, பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கும் தாளை அப்படியே வாசிப்பார்கள். அக்காவின் பெயரும் இருக்கிறது. ஏறினால் ஊருக்குத் தெரிந்துவிடும். "ஏறுங்கோ அக்கா, இதில என்ன வெட்கம்" என்று நான் பெரிய மனுசி மாதிரி உபதேசம் செய்தேன். இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மத்தியானம் உப்புக்குளத்தில் ஒரு சின்னக் கடையில் சோறும் விளைமீன் குழம்பும் 650 ரூபா. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குழம்புக்காகவே இன்னொருமுறை போகலாம். ஒரு மணிக்கு முன் போங்கள், பிறகு மீன் தலைதான் மிஞ்சும்.

விழா பட்டணத்தில் ஒரு மண்டபத்தில், மூன்று மணிக்கு என்று போட்டிருந்தார்கள். தொடங்கியது 3.50க்கு. பிறகு வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை, பொன்னாடை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆனால் திரை விலகியதும் எல்லாம் மறந்துபோனது. கரையோரக் கிராமத்து ஆண்கள் கூத்துப் பாடினார்கள், பின்வரிசையில் இருந்த கிழவர்கள் கதிரையிலிருந்தே பிற்பாட்டு எடுத்தார்கள். தாராபுரத்துப் பெரியவர்கள் றபான் என்ற கைப்பறை அடித்துப் பாடினார்கள். முகாமில் பழகிய கும்மியை ஊர் திரும்பிய பெண்கள் ஆடினார்கள், அதில் இந்து, கத்தோலிக்கம், இஸ்லாம் மூன்றும் இருந்தன. மண்டபத்தின் ஓரத்தில் புத்தகப் பெட்டிகள் திறந்தே கிடந்தன. ஆட்டம் நடக்கும்போதும் பிள்ளைகள் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பல்கலைக்கழகம் இப்படித் தன் கதவைக் கழற்றி எடுத்து வந்து கடற்கரையில் வைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு வாசிப்பு. ஏழு பேர். ஓட்டோக்காரரின் மனைவி முதலாவது, கணவர் மண்டபத்தின் பின்னால் நின்று கைபேசியில் படம் எடுத்தார். ஜெசீமா மூன்றாவது. ஐந்தாவதாக சலோமி அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். வலது பக்கம் நாலாம் வரிசையில் அவர் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அக்கா கதவடியில் நின்றார். அசையவில்லை. இரண்டாம்முறையும் கூப்பிட்டார்கள். ஊர்ப்பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், வேறு யாரோ சலோமி என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம்முறை கூப்பிடாமல் நிஷாந்தினி அடுத்த பெயருக்குப் போனாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒன்றரை வருட உழைப்பு இப்படியா போக வேண்டும்? இன்னொருமுறை கூப்பிட்டிருக்கலாமே என்று நிஷாந்தினியைப் பிடித்துக்கொண்டேன். மேடைக்காக யாரையும் பழக்கவில்லை, வகுப்புக்கு வந்தால் போதும் என்றுவிட்டு அவள் பெட்டி கட்டத் தொடங்கினாள். வெளியே வந்தபோது படலையடியில் அக்கா காத்து நின்றார். "நாளைக்கு முதல் பூசைக்கு வாறீங்களோ தங்கச்சி? ஆறு மணிக்கு" என்றார். அவ்வளவுதான்.

நான் பிடிக்க நினைத்திருந்தது காலை 6.15 பஸ். விட்டேன். பட்டணத்தில் அறை வாடகை 4,500, அங்கிருந்து அக்காவின் ஊருக்கு ஓட்டோ 800. நான் கத்தோலிக்கச்சி அல்ல, எப்போது எழும்புவது எப்போது முழந்தாளிடுவது என்று முன்னால் இருந்தவரைப் பார்த்துச் செய்தேன். வாசக நேரம் வந்தது. பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையிலிருந்து சலோமி அக்கா எழும்பி நடந்தார். இன்று தான் வாசிப்பதாக முந்தின இரவே சுவாமியிடம் சொல்லி வைத்திருந்தாராம்.

புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்து, குனிந்தார். வகுப்புத் தாளைப்போலப் பெரிய எழுத்து இல்லை அது. முதல் வரியிலேயே நின்றார். உதடு அசைந்தது. பிறகு சொன்னார். மூன்றாம் வரியில் ஒரு நீண்ட பெயர், அதில் மறுபடி நின்றார். முன்வரிசையிலிருந்து யாரோ மெதுவாய் எடுத்துக்கொடுத்தார்கள். அக்கா நிமிர்ந்து, "பொறுங்கோ, பாக்கிறன்" என்றார், பூசை நடுவிலேயே. கோயில் சிரிப்பை அடக்கியது. அவர் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாய்க் கூட்டிச் சொல்லி முடித்தார். சுவாமி கைகளைக் கோத்தபடி இருந்தார். ஒரு கைக்குழந்தை அழுது ஓய்ந்தது. மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் வாசித்துவிடும் வாசகம் ஒன்பது நிமிடம் போனது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, துடைக்கவும் இல்லை.

முற்றத்தில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கவலையோடு, "முந்தி நீங்கள் வாசிச்சா தண்ணி ஓடுற மாதிரி இருக்குமே அக்கா, இப்ப என்ன, அங்கங்க நிக்குது? தொண்டை இன்னும் சரிவரேல்லையோ?" என்று கேட்டாள்.

"தொண்டைக்கு ஒண்டுமில்லை. முந்தி நான் வாசிக்கேல்லை, பிள்ளை, மனப்பாடம். இண்டைக்குத்தான் வாசிச்சனான்" என்றார் அக்கா. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மணிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தோனி ஐயாவிடம் போனார். "அண்டைக்கு நாடா சரியாத்தான் கிடந்தது, ஐயா. பிழை என்ர."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். தான் அன்று புத்தகத்தை இரண்டுமுறை பார்த்ததாகவும், இத்தனை நாளும் தன் கண்தான் மங்கிவிட்டதென்று பயந்துகொண்டிருந்ததாகவும் சொன்னார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று ஏன் ஏறவில்லை என்று பிறகு கேட்டேன். இந்த ஊருக்குத்தான் பொய்யாக வாசித்தேன், இங்கே உண்மையாக வாசிக்காமல் மற்ற இடத்தில் கைதட்டு வாங்க மனம் வரவில்லை என்றார். ஏறுங்கோ ஏறுங்கோ என்று நான் செய்த உபதேசத்தை நினைத்துத் தலை குனிந்தேன். வீதியெல்லாம் பறவைகளை எண்ணிக்கொண்டு வந்து போகிறோம். இப்படி ஒரு மனிதரைப் பார்க்க அதிகாலை பஸ்ஸில் தோள் நோக வரலாம்.

போக நினைப்பவர்களுக்கு: விழாவுக்குக் கட்டணம் இல்லை. மூன்று மணி என்றால் நாலரைக்குப் போனால் போதும், உரைகளிலிருந்து தப்பலாம். படித்து முடித்த புத்தகம் இருந்தால் கொண்டுபோங்கள், வகுப்புக்குக் கொடுக்கலாம், ஆனால் பெரிய எழுத்தாகப் பாருங்கள். ஞாயிறு முதல் பூசைக்குப் போனால் யாழ்ப்பாணத்துக்கு 7.30 பஸ்ஸை நம்பாதீர்கள், 8.15ஐக் கணக்கில் வையுங்கள். வாசகம் வாசிப்பது யார் என்று தெரியாதல்லவா.

இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்பார், அல்லது பெயரை மாற்றச் சொல்வார் என்று நினைத்தேன். "எழுதுங்கோ. பேரையும் போடுங்கோ. சின்ன எழுத்தில மட்டும் போடாதேங்கோ, நான் வாசிக்க வேணும்" என்றார். இந்தப் பதிவின் எழுத்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கிறதே என்று யோசித்திருப்பீர்கள்.