கையெழுத்துப் போடாத தங்கை

காட்டாங்குளத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் வருடா வருடம் நடத்தும் பழைய ஆங்கில நாவலில், அப்பா இறந்ததும் வீடு ஆண் வாரிசுக்குப் போய்விடும். பெண்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். "மேடம், அவங்களுக்கு கோர்ட்டே கிடையாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். நமக்குத்தான் சட்டம் இருக்கிறதே என்ற திமிர்.

அந்த வருடமே அப்பா போனார். காரியம் முடிந்ததும் பொழிச்சலூர் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்ட அண்ணன் ஆள் பார்த்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் பெண்கள் பங்கு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம். அத்தைகள் எல்லாரும் அப்படித்தான். சம்மதமா என்று யாரும் கேட்பதில்லை, ரிஜிஸ்தர் ஆபீசுக்கு என்றைக்கு வரவேண்டும் என்று மட்டும் சொல்வார்கள்.

அண்ணன் ஆசையாகத்தான் பிளானை விரித்தார். "இதோ பாரு, நீ வந்தா தங்கறதுக்குன்னே ஒரு கெஸ்ட் ரூம் போடச் சொல்லிக்கீறேன்."

நான் பிறந்த வீட்டில் எனக்கு கெஸ்ட் ரூம். அந்த மாதிரி நாவல்களையெல்லாம், தலைக்கு மேல் விமானம் உறுமிக்கொண்டு போக, அங்கே மாடி அறையில்தான் படித்தேன்.

"நான் கையெழுத்து போட மாட்டேண்ணா. எனக்கும் இங்க ஒரு வீடு வேணும்," என்றேன்.

அண்ணன் பிளானைச் சுருட்டினார். அம்மாதான், "நாளைக்கு உன் பொண்ணு சடங்குக்கு தாய்மாமன் வந்து நிக்க வேணாமா? யோசிச்சுப் பேசு," என்றாள்.

யோசித்துத்தான் பேசினேன். ஃப்ளாட் கட்டி முடிந்ததும் என் பங்குக்கு ஒரு வீடு கிடைத்தது. சனிக்கிழமைகளில், நான் குடியிருக்கும் கீழ்க்கட்டளையிலிருந்து போய்த் திறந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கிறேன். எதிர் வீடு அண்ணனுடையது. நான் வரும் நாளில் அவர் கதவு சாத்தியே இருக்கும்.

மகளின் சடங்கன்று மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. பெரியப்பா மகன் ஒருவர் தாய்மாமன் மாலையைப் போட்டார். மகள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த நாவல்களில் எதிர்த்துப் பேசிய பெண்ணுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு நல்ல கணவனாவது கிடைக்கிறான். விலகிப் போன அண்ணனை யாரும் திருப்பித் தந்ததாக நான் படிக்கவில்லை.

என் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டேன், நாளைக்குக் கேட்டாலும் இதே பதில்தான். ஆனாலும் லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் படிப்பது நின்றுவிடுகிறது. கதவைத் தட்டி, "சாப்ட்டியாம்மா?" என்று அண்ணன் ஒரு தடவை கேட்டால் போதும்.