மூன்றாவது ஓலையும் ஜப்பான்காரனும்

அக்காவின் கல்யாணத்தை நிறுத்தியது ஜப்பான்காரன் இல்லை. அப்பா. "விடுங்க, போய்ச் சேந்துட்டாரு" என்பாள் என் மனைவி. விடமாட்டேன்.

நாற்பத்திரண்டாம் வருஷக் கோடை. அம்மா இறந்தபின் சாந்தோமில் நாங்கள் மூன்று பேர்தான். ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று பட்டணத்தில் பாதிப்பேர் பயந்து ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அப்பா பயப்படவில்லை. சந்தோஷப்பட்டார். கடைசிக் காலத்தில் கிழக்கேயிருந்து ராஜாக்கள் வருவார்கள், அவர்களுக்கு வழிவிட ஐப்பிராத்து நதி வற்றும் என்று எங்கள் வேதமான பைபிளில் இருக்கிறது. ராஜாக்கள் யாரென்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நதிதான் இடித்தது. எங்கோ இருக்கிற ஐப்பிராத்து வற்றியதா என்று யாரைக் கேட்பது? ஒரு மாலை அடையாறு பாலம் வரைக்கும் போய்விட்டு மூச்சிரைக்க வந்தார்.

"வத்திடுச்சு! முகத்துவாரத்தை மணல் மூடிடுச்சு. நடந்தே தாண்டலாம்."

"வருஷா வருஷம் மூடுறதுதானேப்பா?" என்றாள் அக்கா.

"வருஷா வருஷம் ஜப்பான்காரன் வந்தானா?"



அக்காவுக்கு மாம்பலத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தபாலாபீஸில் வேலை. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. கல்யாண ரவிக்கையைத் தானே தைத்து முடித்துவிட்டாள். எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை உண்டா என்று சபையில் கேட்பார்கள். இரண்டு ஓலை முடிந்திருந்தது.

மூன்றாவது ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்திருந்தது. பெஞ்சுகள் பாதி காலி. போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் ஓலையை வாசித்துவிட்டு வழக்கம்போலக் கேட்டார். அப்பா எழுந்து நின்றார்.

"தடை உண்டு."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க பொண்ணோட தகப்பனாச்சே?"

"காலம் இல்லை ஐயரே. நோவா காலத்துலயும் இப்படித்தான் பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்துக்கிட்டு இருந்தாங்க. வெள்ளம் வாரிக்கிட்டுப் போச்சு."

"மாப்பிள்ளைக்கு வேற பெண்சாதி இருந்தா சொல்லுங்க. முறை தப்புன்னா சொல்லுங்க. ஜப்பான்காரன் தடையில்லை. உட்காருங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சட்டப்படி ஓலை நிறைவேறிவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் நான் ஜட்கா பிடித்து மாம்பலத்துக்கு ஓடினேன். வண்டிக்கார சாயபு எங்கள் தெருவில் இருப்பவர். பாதி வழியில் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, உங்க அப்பாரு ஜப்பான்காரனுக்கு சம்பந்தியா? பொண்ணை அவனுக்குத்தான் குடுப்பாராமே?"

குதிரையைப் பார்த்து ஓட்டு என்றேன்.

மாப்பிள்ளை வீட்டில் ஆற்காட்டுப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் படுக்கையைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா என்ன சொல்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவளுக்குச் சம்மதம். எப்ப கூப்பிட்டாலும் வருவா."

அவருடைய அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "பொண்ணைப் பெத்தவனே சபை நடுவுல எழுந்து வேணாங்கறான். என் புள்ளை எந்த மூஞ்சியோட அந்தக் கோயில்ல வந்து தாலி கட்டுவான்? போப்பா, போய் உங்க அப்பாவோட சேந்து வானத்தைப் பாத்துக்கிட்டு இரு."

மாப்பிள்ளை முடிச்சை இறுக்கினார். நான் வந்த ஜட்காவையே ரயிலடிக்குப் பேசிக்கொண்டார்கள். நான் சாந்தோமுக்கு நடந்தேன்.

ஜப்பான்காரன் வரவில்லை. ஐப்பசி மழையில் அடையாறு மணலை உடைத்துக்கொண்டு ஓடியது. தபாலாபீஸ்காரருக்கு ஆற்காட்டிலேயே கல்யாணம் முடிந்தது. "கணக்குல சின்னப் பிசகு" என்றார் அப்பா. சின்னப் பிசகாம்! அக்கா அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவானாள். அவளுக்கு வந்த மற்ற வரன்களெல்லாம் சபையில் நடந்ததைக் கேள்விப்பட்டதும் நழுவின.

நாற்பத்தெட்டில் யூதருக்கு நாடு கிடைத்தது. அதுவும் கடைசிக் காலத்துக்கு ஓர் அடையாளமாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்து அவர் பத்திரிகை படித்து விளக்குவதை வாய்பிளந்து கேட்டார்கள். அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர்களுக்குக் காப்பி போட வேண்டும். ஒருநாள் அவர்களில் ஒருவர், "பொண்ணுக்கு ஒண்ணும் பாக்கலையா?" என்று கேட்டார்.

"எதுக்கு? இன்னும் கொஞ்ச காலம்தானே" என்றார் அப்பா.

அக்கா டம்ளரைத் தரையில் வைத்தாள். "ஆறு வருஷமா உங்க கொஞ்ச காலத்துக்குத்தான் சோறாக்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன்."

உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினாள். பள்ளிக்கூட விடுதியில் அவளுக்கு அறை தருவதாக முன்பே சொல்லியிருந்தார்களாம். அது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அவள் படியிறங்கும்போது அப்பா அந்த ஆட்களைப் பார்த்து, "கடைசிக் காலத்துல பிள்ளைங்க பெத்தவங்களுக்கு விரோதமா எழும்புவாங்கன்னு எழுதியிருக்கு. பாத்தீங்களா?" என்றார்.

அவர்கள் தலையாட்டினார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் நடந்தேன்.