ஆணியில் தொங்கிய நூல்

நாகலூர் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியேறிய அன்று, சமையலறைக் கதவின் பின்னால் ஓர் ஆணியில் நூல் நூற்கும் தக்ளி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பாதி நூற்ற நூல். காற்றே இல்லாத அந்த அறையில் அது மெல்லத் திரும்பியது. அதற்கு உரியவரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த வீட்டை நினைத்தால் அவர்தான் முதலில் வருகிறார். எங்களுக்கு முன்பு அங்கே இருந்த ரைட்டரம்மா, எஸ்டேட் கணக்கெழுதுபவரின் மனைவி.

"அதத் தொடாதீங்க கண்ணு," என்றார் வீட்டு வேலைக்கு வந்த அக்கா. "வயித்துப் புள்ளைக்கு அரைஞாண் திரிக்கோணும்னு நூத்துக்கிட்டு இருந்தாங்க. பிரசவத்துக்குச் சேலம் எறங்கினவங்க திரும்பலீங்க. புள்ளையுந்தான்."

என் மகள் அப்போது கைக்குழந்தை. அந்த வீட்டில் அவளை மடியிலிருந்து இறக்கவே பயந்தேன். மழைக்காலப் பகல்களில் பனி ஜன்னலை அடைத்துக்கொள்ளும். அவள் காரணமில்லாமல் அழுவாள். கதவின் பக்கம் தூக்கிப் போனால் மட்டும் நிறுத்துவாள். தக்ளியையே பார்ப்பாள். ஒரு நாள் அழுகை அடங்கவே இல்லை. வேறு வழியில்லாமல் அதை எடுத்துச் சுழற்றினேன்.

பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் நூற்றிருக்கிறேன். என் நூல் எப்போதும் அறுந்துவிடும். இங்கேயும் புதுப் பஞ்சைச் சேர்த்த இடத்தில் முறுக்கு பிரிந்து அறுந்தது. உற்றுப் பார்த்தேன். அவர் நூலின் முறுக்கு எதிர்ப்பக்கமாக ஓடியது. "பீச்சாங்கையில நூப்பாங்க," என்றார் அக்கா. சிறுவயதில் நான் இடக்கையால் சாப்பிடாதிருக்க அம்மா அதில் துணி சுற்றிவிட்டது நினைவுக்கு வந்தது. தக்ளியை இடக்கைக்கு மாற்றினேன். யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல நூல் நீண்டுகொண்டே வந்தது. குழந்தை சிரித்தது. என் கைக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

அந்த நூலில் மகளுக்கு அரைஞாண் திரிக்க ஆசைப்பட்டேன், ரைட்டரம்மாவின் பகுதியை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு. நூலை விரல்களில் ஓட்டி ஓட்டித் தேடினேன். அவர் எங்கே முடிந்தார், நான் எங்கே தொடங்கினேன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"பள்ளிக்கூடம் படிச்ச புள்ளைக்கு இத்தன பயமுங்களா?" என்று அக்கா சிரித்தார்.

முழுவதையும் சேர்த்து, குழந்தையின் இடுப்புக்கு அளந்து திரித்தேன். கட்டவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. அதே ஆணியில் மாட்டிவிட்டு, கடையில் வாங்கிய கறுப்புக் கயிற்றைக் கட்டினேன்.

இப்போது தினமும் நூற்கிறேன். ஏற்காட்டிலிருந்து என் நூலைக் கேட்டு வருகிறார்கள். மகளுக்கு நான்கு வயது. ஆணியில் இருக்கும் கயிறு யாருக்கானது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. போன வாரம் அவள் இடுப்பிலிருந்த கடைக்கயிறு இற்று அறுந்தது. நேராகக் கதவின் பின்னால் போய் நின்று, இடக்கையை உயர்த்தினாள்.

"அம்மா, என்னோடத எடுத்துக் குடு."

எடுத்துக் கட்டினேன். செய்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. கைக்குழந்தைக்கு அளந்த கயிறு. அவள் இடுப்பில் அது இறுக்கவும் இல்லை, தொய்யவும் இல்லை.