இருமல் கொடுத்தான் என் தணிகேசன்

சுதந்திரம் வந்த மறு வருஷம் தை மாதம், நான் இருமியபோது ரத்தம் வந்தது. திருத்தணி ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிறவன் நான். பீடியும் ஓயாது, வாயும் ஓயாது. "இந்த இருமலை எடுத்துடு முருகா" என்று வேண்டாத நாளில்லை. கஷாயம் குடித்தேன், விபூதி பூசினேன். இருமல் போகவில்லை, உடம்புதான் போயிற்று.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது நுரையீரலில் புற்றுக்கட்டி. அந்த நுரையீரலையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். என் மனைவி ராஜம்மாதான் கேட்டாள்: "ஒத்த நுரையீரல்ல மனுசன் பொழைப்பானாங்க?"

"பொழைக்கலாம்மா. இன்னொண்ணு நல்லா இருக்கு" என்றார் டாக்டர். அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு சரி என்றாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தேன். விலாவில் வலி பிளந்தது. "இருமுய்யா, சளி தங்கினா இருக்கிற நுரையீரலும் கெட்டுடும்" என்றார் டாக்டர். நான் இருமவில்லை. தையல் பிரிந்துவிடுமோ என்று பயம். மாதக்கணக்கில் என்னைத் தூங்கவிடாத இருமலைப் பல்லைக் கடித்து அடக்கினேன். கையைக்கூட அசைக்காமல் கிடந்தேன். காய்ச்சல் ஏறியது, மூச்சு கொரகொரத்தது. பிறகு நானே இரும நினைத்தபோது இருமல் வரவில்லை. ஐயோ, செத்தேன் என்று நினைத்தேன். 'முருகா, இருமலைக் கொடு' என்று மனசுக்குள் அழுதேன். இப்படியும் ஒரு வேண்டுதல் உண்டா, சொல்லுங்கள்!

என் உதடு அசைவதை ராஜம்மா பார்த்துவிட்டாள். "இன்னா பாவா, மொணமொணன்னு கும்பிட்டுகினு கீற? டேசன்ல சவாரி கூப்புடுற வாய்தானே இது? வாய் விட்டுக் கூப்புடு!" நர்சம்மா சொல்லிக்கொடுத்தபடி, தலையணையை என் தையல்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"அரோகரா" என்றேன். பாதிதான் வந்தது.

"ஆங், இன்னும்!"

மூச்சை இழுத்துக் கத்தினேன். அந்தக் கத்தலோடு இருமல் பிடுங்கிக்கொண்டு வந்தது. அடைத்திருந்த சளியெல்லாம் வந்தது. வலியில் உயிர் போய் வந்தது. ஆனால் மூச்சு உள்ளே இறங்கியது. கொடுத்தான், அடியார்களே, கேட்டதைக் கொடுத்தான்!

அதன்பின் நேரத்துக்கு நேரம் அரோகராதான். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். வராண்டாவில் நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். வார்டில் சிலர் திட்டினார்கள். பக்கத்துக் கட்டில் சாயபு மட்டும், "கத்து நைனா, கத்து" என்று சிரித்தார்.

பீடியை அன்றோடு விட்டேன். இப்போது வண்டி ஓட்டுகிறேன், மூட்டை மட்டும் தூக்குவதில்லை. இந்த ஆடிக் கிருத்திகைக்கு உட்கார்ந்து உட்கார்ந்து மலை ஏறினேன். சன்னதியில் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ராஜம்மா சாமியைக்கூடப் பார்க்காமல் என் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். அழுதுவிட்டேன்.

உங்களுக்கு நெஞ்சில் நோவு இருந்தால் ஒளிக்காதீர்கள். வைத்தியரிடம் போங்கள், அவர் சொல்வதைச் செய்யுங்கள். ஐயனையும் கூச்சப்படாமல் வாய் விட்டுக் கூப்பிடுங்கள். ஒற்றை நுரையீரலோடு நான் கூப்பிட்டதையே கேட்டானே, இரண்டும் உள்ள நீங்கள் கூப்பிட்டால் கேட்க மாட்டானா?