அவள் தெரிவு செய்த வெந்நீர் விடுதி

போர் முடிந்த ஆண்டில் எங்கள் மகள் ஜப்பானில் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தவளுக்கு ஓராண்டு அங்கேயே தங்கிப் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஏப்ரலில் அவளை விமானம் ஏற்றிவிட்டு, டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் விபோர்க் நகருக்குத் திரும்பினோம். அடுத்த மாதம் ஊரில் எல்லாம் முடிந்துபோனது. என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வன்னியில் அகப்பட்டிருந்தார். கோடை முழுவதும் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மனைவி வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். தொலைக்காட்சிக்கு முன்னால் தட்டை மடியில் வைத்தபடி சாப்பிடாமல் இருந்தாள்.

அண்ணன் முகாமில் உயிரோடு இருக்கிறார் என்ற சேதி ஓகஸ்ட் மாதத்தில் வந்தது. அன்றுதான் வாய்விட்டு அழுதாள். மறுநாள் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையைப் போய்ப் பாத்திட்டு வருவம்."

அதுவரை நாங்கள் விடுமுறை என்று போனதெல்லாம் உறவினர் வீடுகளுக்குத்தான். லண்டனில் என் தங்கை வீடு, பாரிஸில் சித்தப்பா வீடு. வரவேற்பறையில் பாயை விரித்தால் படுக்கை ஆயிற்று. தங்குவதற்கு ஓர் இடத்தைத் தேடித் தெரிவு செய்வது எங்களுக்குப் புதிய வேலை. மகளின் அறையோ ஒருவர் திரும்பிப் படுக்கவே காணாதாம். அதனால் அவளோடு சேர்ந்து இரண்டு நாள் மலைப்பக்கத்து வெந்நீரூற்று விடுதி ஒன்றில் தங்குவது என்று அவளே திட்டம் போட்டாள். பூமிக்குள்ளிருந்து சூடாக வரும் நீரில் குளித்து, அவர்கள் தரும் உடுப்பை உடுத்து, அவர்கள் சமைத்துத் தருவதைச் சாப்பிட்டு, பாயில் படுத்துத் தூங்குவதற்கென்றே அந்த நாட்டில் பழைய விடுதிகள் இருக்கின்றனவாம்.

மூன்று விடுதிகளின் இணையப் பக்கங்களை அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை காலையில் கணினிக்கு முன்னால் இரண்டு கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தோம். ஸ்கைப்பில் மகள், அங்கே அப்போது பின்னேரம். நாங்கள் தமிழில் கேட்க அவள் டேனிஷில் பதில் சொன்னாள். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

முதலாவது புதிய விடுதி. அறைக்கு வெளியே, அந்த அறையில் தங்குபவர்களுக்கு மட்டுமென்று ஒரு மரத்தொட்டி. இரண்டாவது கடலோரத்தில். அங்கே இரவுச் சாப்பாட்டில் முழு நண்டு தருவார்கள் என்றதும் எனக்கு அதற்குமேல் தேடத் தேவையில்லை என்று தோன்றியது. மூன்றாவது மலைக்குள் இருந்த பழைய மரக்கட்டடம். தாழ்ந்த கூரை, புல்பாய் விரித்த அறைகள், பாறைகளுக்கு நடுவே பால் கலந்ததுபோல் வெள்ளையாக நீர். என் மனைவி அந்தப் படத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இது வடிவாக் கிடக்கு. இதையே எடு பிள்ளை."

மகள் கொஞ்சம் தயங்கினாள். அங்கே தனித்தொட்டி கிடையாது, பெண்களுக்குப் பொதுவாக ஒன்று, ஆண்களுக்குப் பொதுவாக ஒன்று, எல்லாரும் உடுப்பில்லாமல்தான் இறங்க வேண்டும் என்றாள்.

மனைவி விரலை எடுத்துவிட்டாள். "அப்ப முதலாவதே போதும்."

ஏன் என்று நானும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு, அவள் வீட்டுக்குப் பக்கத்து வளவில் ஷெல் விழுந்தது. இடது தோளில் தொடங்கி முதுகின் குறுக்கே இடுப்பு வரைக்கும் தழும்பு. சேலைச் சட்டைகளை முதுகு மூடித்தான் தைப்பிப்பாள். டென்மார்க்கில் பொது நீச்சல் குளத்தில் இறங்குவதானால், முதலில் எல்லார் முன்னாலும் உடுப்பில்லாமல் நின்று சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும். எந்தெந்த இடத்தைத் தேய்க்க வேண்டும் என்று சுவரில் படம்கூட ஒட்டியிருப்பார்கள். மகள் நீந்தப் பழகிய காலமெல்லாம் இவள் மேல்தளத்தில், கண்ணாடிக்குப் பின்னால், கோட்டைக் கழற்றாமல் இருந்து பார்த்தவள். இத்தனைக்கும் இவளுடைய வேலை முதியோர் இல்லத்தில். தினமும் காலையில் கிழவர்களையும் கிழவிகளையும் குளிப்பாட்டி உடுத்திவிடுவது இவள்தான்.

மகள் சும்மா இருக்கவில்லை. அந்த மலை விடுதிக்கு ஜப்பானிய மொழியில் எழுதிக் கேட்டிருக்கிறாள். பச்சை குத்தியவர்களை விடமாட்டீர்கள் என்று போட்டிருக்கிறதே, என் அம்மாவின் முதுகில் பெரிய தழும்பு இருக்கிறது, அதற்கு ஏதும் தடை உண்டா என்று. பதில் வந்ததும் எங்களைக் கூப்பிட்டாள். அன்று மட்டும் தமிழில் சொல்ல முயன்றாள்.

"அம்மா, அவை எழுதியிருக்கினம். பழைய காலத்தில சண்டையில காயப்பட்ட ஆக்கள்தானாம் அங்க கனபேர் வந்தது. அந்தத் தண்ணி காயத்துக்கு நல்லதாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு எழுதியிருக்கினம்."

மனைவி தேநீர் வைக்க எழுந்து போனாள். கோப்பைகளோடு திரும்பி வந்தபோது, "அப்ப என்னைப் போல ஆக்களுக்குக் கட்டின இடம்தான்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஞாயிற்றுக்கிழமை என்னை நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போவியளோ?"

"உமக்கு நீந்தத் தெரியாதே."

"நீந்த ஆர் போறது? குளிக்கிற இடத்தைத் தாண்ட ஏலுமோ எண்டு பாக்கோணும். இஞ்ச ஏலாட்டி அவ்வளவு தூரம் போய் என்ன செய்யிறது?"

கறுப்பு நிறத்தில் ஒரு நீச்சலுடை வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கத்துக் கதவுவரை கூடப் போனேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் மேல்தளத்துக்குப் போய்க் கோப்பி வாங்கி, அவள் இவ்வளவு காலமும் இருந்த அதே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கோப்பி ஆறிப் போனது. மனத்தை மாற்றிக்கொண்டு வெளியே வந்து என்னைத் தேடுகிறாளோ என்று இரண்டு தரம் படியிறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிறகு கீழே கதவு திறந்தது. ஈரமான தலையோடு அவள் வந்தாள். துவாய் கையில்தான் இருந்தது, அதால் தோளை மூடவில்லை. சிறுவர்களும் வயதானவர்களும் இருக்கும் வெதுவெதுப்பான குளத்தின் படிகளில், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கி இடுப்பளவு நீரில் நின்றாள். முதுகு எனக்கு நேராகத் தெரிந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த மண்டபத்தில் நிற்கும் எல்லாரிடமும் போய், அந்தா நிற்கிறாளே, அவள் என்ர மனுசி என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

திரும்பும்போது காரில் அவளே சொன்னாள்.

"உள்ளுக்க ஒரு மனுசி என்னை உத்துப் பாத்தவ. தழும்பைத்தான் பாக்கிறா எண்டு நினைச்சன். கிட்ட வந்து, நீங்கள்தானே என்ர அம்மாவைக் குளிப்பாட்டுறது எண்டு கேட்டா."

"ஆர் அது?"

"எங்கட இல்லத்தில இருக்கிற ஒரு அம்மாவின்ர மகள். உடுப்பில்லாமல் நிண்டுகொண்டு ரெண்டு பேரும் தாயின்ர கால் வீக்கத்தைப் பற்றிக் கதைச்சம். நான் சவர்க்காரத்தோட, அவவும் சவர்க்காரத்தோட." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் துடைத்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளை அழைத்து மலை விடுதியையே பதிவு செய்யச் சொன்னாள். நண்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

புறப்படுவதற்கு முன் கோயிலுக்குப் போனோம். எங்களுக்கு முன்பே டென்மார்க்குக்கு வந்த ஒருவர், எல்லாரும் அண்ணை என்று கூப்பிடுபவர், சாப்பாட்டு வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றார். நாங்கள் ஜப்பானுக்குப் போவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சனம் முகாமுக்குள்ள கிடக்குது. இந்த நேரத்தில நீங்கள் ஊர் சுத்திப் பாக்கப் போறியளாம்?"

எனக்கு முகம் சுட்டது. அவர் கெட்டவர் அல்லர். அவருடைய ஆட்களும் அங்கே இருந்தார்கள். என் மனைவி தட்டோடு திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஓம் அண்ணை, போறம். என்ர அண்ணனும் முகாமிலதான். ஷெல்லுக்குத் தப்பின உடம்பு இது. இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சிருந்தன். ஒருக்காச் சுடுதண்ணியில விட்டுட்டு வாறன்."

அண்ணை தன் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "போட்டு வாங்கோ பிள்ளை" என்றார். கரண்டியை எடுத்து அவளுடைய தட்டில் அவரே பருப்புக்கறி போட்டார்.

ஒக்டோபர் மாதக் காலையொன்றில், அந்த மலை விடுதியின் ஆண்கள் பக்கத்தில் கழுத்தளவு நீரில் இருந்தேன். இலைகள் சிவந்திருந்தன. நீரின் சூடு முதலில் தோலைக் கடித்து, பிறகு எலும்புவரை இறங்கியது. எனக்கு எதிரே ஒரு ஜப்பானியக் கிழவர் கண்ணை மூடியபடி இருந்தார். வேறு எவரும் இல்லை. மூங்கில் தட்டிக்கு அப்பால் பெண்கள் பக்கம். மகளும் அவளும் இறங்கும் சத்தம் கேட்டது. சுடுகிறது என்று ஒருத்தி சொல்வதும் மற்றவள் சிரிப்பதும் கேட்டது.

"இஞ்சேருங்கோ" என்று தட்டிக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது. ஊரில் வேலிக்கு மேலால் கூப்பிடுவதுபோல் உரத்த குரல். "இருக்கிறியளோ?"

"ஓம், இருக்கிறன்."

"நல்லா இருக்கப்பா. நான் இப்போதைக்கு வரமாட்டன். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."

கிழவர் கண்ணைத் திறந்து தட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. நான் தட்டியைக் கையால் காட்டி, நெஞ்சைத் தொட்டு, "என்ர மனுசி" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையசைத்தார்.